ஸ்பைனல் ஊசி போட்டதும் கால் ஏன் சூடாகிறது?

(இந்த எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

நான் ஒரு மயக்கவியல் மருத்துவர். நம்ம ஊர்ல சொல்ற மாதிரி சொன்னா, 'மயக்க ஊசி டாக்டர்'. ஆனா இன்னைக்குப் பேசப்போற ஊசி யாரையும் மயக்குறதில்லை. முதுகில் போடுகிற ஸ்பைனல் ஊசியைப் பற்றித்தான் பேசப்போறேன். சிசேரியன், குடலிறக்கம், மூலம், கால் எலும்பு முறிவு, முழங்கால் மாற்று என்று தொப்புளுக்குக் கீழே நடக்கிற பல ஆபரேஷன்களுக்கு இதைத்தான் போடுகிறோம்.

தமிழ்நாட்டில் இந்த ஊசியைத் தெரியாத வீடு குறைவு. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி நம் மாநிலத்தில் நூறு பிரசவத்தில் கிட்டத்தட்ட 45 சிசேரியன். அதில் பெரும்பாலானவை ஸ்பைனலில் நடப்பவை. அதனால் இன்றைக்குச் சொல்லப்போவதெல்லாம் ஒரு சிசேரியன் தியேட்டரை மனதில் வைத்துத்தான். மற்ற ஆபரேஷன்களுக்கும் விஷயம் இதேதான்.

ஊசியைப் போட்டு, அந்தப் பெண்ணை மல்லாக்கப் படுக்க வைத்ததும் நான் கேட்கிற முதல் கேள்வி, "கால் எப்படிம்மா இருக்கு?" பத்தில் எட்டுப் பேர் சொல்கிற பதில் ஒன்றுதான். "சூடா இருக்கு டாக்டரம்மா. வெந்நீர் ஊத்தின மாதிரி இருக்கு." சிலர் "மதமதங்குது" என்பார்கள். சிலர் "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்பார்கள். ஆனால் முதலில் வருவது அந்தச் சூடு.

ஊசியில் போன மருந்து சூடானது இல்லை. ஏசி போட்ட அறையில் இருந்த மருந்து அது. அளவும் ரொம்பக் கம்மி, சுமார் 2 மில்லி. அப்புறம் எங்கிருந்து வந்தது சூடு?

இன்னும் இருக்கிறது கேளுங்கள். கால் சூடாக இருக்கு என்று சொன்ன அதே பெண், இருபது நிமிடம் கழித்துப் பல் தந்தியடிக்க நடுங்குவார். வயிற்றைக் கீறியது தெரிந்திருக்காது. ஆனால் "யாரோ வயித்துல கை வைக்கிறது தெரியுதே" என்று பயந்துபோய் என்னைப் பார்ப்பார்.

சூடு தெரியுது, உடம்பு நடுங்குது, தொடுறது தெரியுது, வலி தெரியலை. இந்த நாலும் ஒரே ஊசியால், ஒரே ஆளுக்கு, ஒரே நேரத்தில். இது எப்படி என்பதுதான் இன்றைய எபிசோட். இதைத் தெரிந்துகொண்டால் உங்களுக்கு நேரடியாகப் பயன்படுகிற இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று தியேட்டருக்குள்ளே, இன்னொன்று வார்டில். அவற்றுக்குக் கடைசியில் வருகிறேன்.

ஊசி எங்கே போகிறது?

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடுவோம். தண்டுவடத்துக்குள்ளே ஊசி குத்துகிறோம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இல்லை. பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பெலும்புகளில் முதலாவது, இரண்டாவது எலும்பு அளவிலேயே முடிந்துவிடும். நாங்கள் அதற்குக் கீழே, மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இடையில், அல்லது நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் இடையில் போடுகிறோம். அந்த இடத்தில் தண்டுவடம் இல்லை. அதிலிருந்து கிளம்பின நரம்பு வேர்கள் குதிரை வால் மாதிரி, தண்ணீர் போலத் தெளிவான ஒரு திரவத்தில் மிதந்துகொண்டிருக்கும். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கிற அதே திரவம்தான்.

அந்தத் திரவத்தில் கலக்கிற மருந்தின் பெயர் பூபிவாக்கெய்ன். இதில் சர்க்கரை, அதாவது டெக்ஸ்ட்ரோஸ், சேர்த்திருப்பார்கள். அதனால் அந்தத் திரவத்தைவிட எடை கூடுதல். தியேட்டரில் இதற்கு 'ஹெவி' என்றே பெயர். எடை கூடின மருந்து பள்ளத்தை நோக்கி ஓடும். அதனால்தான் ஊசி போட்டதும் மேசையைக் கொஞ்சம் சாய்ப்போம், தலையணையைச் சரி செய்வோம். மருந்து எவ்வளவு உயரம் ஏறணும் என்பதை அப்படித்தான் ஓரளவு பார்த்துக்கொள்கிறோம்.

நரம்பு ஒரு கம்பி இல்லை

இப்ப முக்கியமான விஷயம். நரம்பு என்றதும் வீட்டுக்கு வருகிற கரண்ட் கம்பி மாதிரி ஒற்றைக் கம்பியாக நினைக்கிறோம். ஸ்விட்சை அணைத்தால் எல்லாம் அணைந்துவிடணும், இல்லையா? ஆனால் ஒரு நரம்பு என்பது பல்லாயிரம் நார்கள் சேர்ந்த கட்டு. வாழைநாரில் மெல்லிசும் தடிப்புமாகக் கலந்து கிடக்குமே, அந்த மாதிரி. ஒவ்வொரு வகை நாருக்கும் ஒரு வேலை.

தசையை அசைக்கிற நார்கள் ரொம்பத் தடிப்பு. மெல்லத் தொடுவதையும் அழுத்தத்தையும் சொல்கிறவை அடுத்தது. சுருக்கென்ற வலியையும் ஜில்லிப்பையும் கொண்டுபோகிறவை இன்னும் மெல்லிசு. இரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடிக்கச் சொல்கிற தானியங்கி நரம்பு நார்களும் மெல்லிசுதான். கடைசியில், விண்விண்ணென்று தெறிக்கிற மந்தமான வலியையும் வெதுவெதுப்பையும் சொல்கிற நார்கள். இவைதான் இருப்பதிலேயே மெல்லிசு, வேகமும் கம்மி. நொடிக்கு ஒரு மீட்டர் அளவில்தான் செய்தி போகும். நாம் நடக்கிற வேகம்தான்.

இதை நீங்களே உணர்ந்திருப்பீர்கள். கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டால் முதலில் 'சுரீர்' என்று ஒன்று. "அம்மா" என்று கத்தி முடிப்பதற்குள் பின்னாலேயே 'விண்விண்' என்று இன்னொன்று வந்து சேரும். இடித்தது ஒரு தடவைதான். செய்தி இரண்டு வகை நாரில், இரண்டு வேகத்தில் வருகிறது.

ஸ்பைனல் மருந்து இந்த நார்களை ஒரே நொடியில் அணைப்பதில்லை. பொதுவாக நாங்கள் பார்க்கிற வரிசை இது: முதலில் இரத்தக் குழாயைப் பிடித்திருக்கும் நார்கள். அடுத்து ஜில்லிப்பும் வெதுவெதுப்பும். பிறகு ஊசிக்குத்தின் வலி. பிறகு தொடு உணர்வு. கடைசியாகத் தசையின் பலம். நாரின் தடிப்பு மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது, ஆய்வுக்கூடத்தில் பார்த்தால் விஷயம் இவ்வளவு நேராக இருப்பதில்லை. ஆனால் மேசையில் படுத்திருக்கிற ஆளிடம் கேட்டுப் பார்த்தால் வரிசை கிட்டத்தட்ட இப்படித்தான் வரும்.

சிகரெட்டை வைத்துச் சோதித்தவர்கள்

சிகரெட் இல்லை, சுருட்டு. இந்தக் கதையைச் சொல்லாமல் ஸ்பைனலைப் பற்றிப் பேசவே முடியாது.

1898 ஆகஸ்ட். ஜெர்மனியில் கீல் நகரம். ஆகுஸ்ட் பியர் என்ற அறுவை மருத்துவர், ஒரு நோயாளிக்குக் கணுக்காலில் ஆபரேஷன் செய்ய, முதுகுத் திரவத்தில் கோக்கெய்ன் செலுத்தினார். திட்டமிட்டுச் செய்த முதல் ஸ்பைனல் என்று சொல்லப்படுவது அதுதான். சில நோயாளிகளுக்குப் பிறகு தலைவலியும் வாந்தியும் வந்தன. அது ஏன் என்று தெரிந்துகொள்ள, தனக்கே போட்டுப் பார்ப்போம் என்று முடிவு செய்தார். உதவியாளர் ஹில்டெபிராண்ட் ஊசியைக் குத்திவிட்டார். ஆனால் சிரிஞ்சு அந்த ஊசியில் பொருந்தவில்லை. திரவம் ஒழுகிப்போனதுதான் மிச்சம். உடனே ஹில்டெபிராண்ட், "எனக்குப் போடுங்கள்" என்று படுத்துவிட்டார்.

அதற்கப்புறம் பியர் செய்த சோதனைகளைக் கேட்டால் இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி கொடுக்காது. தொடையில் ஊசி குத்தினார், அழுத்தமாக மட்டும் தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பில் இரும்புச் சுத்தியலால் அடித்தார், வலி இல்லை. எரிகிற சுருட்டைக் காலில் வைத்தார். ஹில்டெபிராண்ட் என்ன சொன்னார் தெரியுமா? சூடு தெரிகிறது, வலி தெரியவில்லை என்றார்.

நான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது இந்த இடத்தில் நிறுத்துவேன். வலி என்பது ஒன்று, சூடு என்பது இன்னொன்று, தொடுதல் மூன்றாவது. ஒன்று போய் மற்றது இருக்க முடியும். 1898-ல் ஒரு மனிதர் தன் காலைச் சுட்டுக்கொண்டு காட்டிவிட்டுப் போனதுதான் இன்றைக்கும் நம் தியேட்டரில் நடக்கிறது.

அன்றைக்கு இரவு இரண்டு பேரும் விருந்து சாப்பிட்டுக் கொண்டாடினார்கள். மறுநாளிலிருந்து பியர் தலைவலியால் எழுந்திருக்க முடியாமல் ஒன்பது நாள் படுத்திருந்தார். திரவம் ஒழுகினதன் விலை அது. இப்போது மயிரிழை மாதிரி மெல்லிய ஊசிகள் வந்துவிட்டதால் அந்தத் தலைவலி அரிதாகிவிட்டது.

சரி, சூடு எங்கிருந்து வந்தது?

நம் தோலில் ஓடுகிற இரத்தக் குழாய்களை மூளை எந்நேரமும் கொஞ்சம் இறுக்கியே வைத்திருக்கிறது. குறிப்பாக உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும். அங்கே தமனியையும் சிரையையும் நேரடியாக இணைக்கிற குறுக்கு வழிக் குழாய்கள் நிறைய இருக்கின்றன. உடம்புக்குக் குளிர்ந்தால் இவற்றை மூடிவிடும். வெயில் அடித்தால் திறந்துவிடும். மார்கழிக் காலையில் உள்ளங்கால் ஐஸ் மாதிரி இருப்பது இதனால்தான். உடம்பு தன் உள்சூட்டைக் காப்பாற்ற, கைகால்களுக்குப் போகிற இரத்தத்தைக் குறைத்துக்கொள்கிறது.

ஸ்பைனல் மருந்து முதலில் அணைப்பது இந்தப் பிடியைத்தான். பிடி விட்டதும் குழாய்கள் விரிகின்றன. உடம்பின் நடுவில் இருக்கிற 37 டிகிரி இரத்தம் காலுக்குப் பாய்கிறது. ஆபரேஷனுக்காக பயத்திலும் ஏசியிலும் குளிர்ந்துபோயிருந்த பாதத்தின் தோல் சில நிமிடங்களிலேயே பல டிகிரி சூடாகிவிடும். என் கையுறையைக் கழற்றிவிட்டு அவர் கால் கட்டைவிரலைத் தொட்டால் எனக்கே தெரியும். தோல் உலர்ந்து, கதகதப்பாக, கொஞ்சம் சிவந்து இருக்கும். வியர்வையை உண்டாக்குகிற நார்களும் இதே கூட்டம்தான், அதனால் பாதத்து வியர்வையும் நின்றுபோகும். ஊசி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்பதற்கு எனக்குக் கிடைக்கிற முதல் சாட்சி அந்தச் சூடான கட்டைவிரல்.

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. தோலில் இருக்கிற குளிர் உணரிகள் சாதாரணமாகவே, நாம் கவனிக்காதபோதும், மூளைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். இந்த நார்கள் அணைந்ததும் காலிலிருந்து 'குளிருது' என்ற செய்தி வருவது நின்றுவிடும். மூளை அதை எப்படி எடுத்துக்கொள்கிறது? 'கால் சூடாக இருக்கிறது' என்று. ஆக, பாதி உண்மையான சூடு. மீதி மூளை போடுகிற கணக்கு.

இந்த இரண்டாவது பாதிதான் சங்கடம்.

சூடான கால், குளிர்ந்த உடம்பு

காலுக்குப் போன சூடு சும்மா வரவில்லை. உடம்பின் நடுப்பகுதியிலிருந்து போனது. ஒரு வாளி வெந்நீரை எடுத்துப் பக்கத்துத் தொட்டியில் இருக்கிற பச்சைத் தண்ணீரில் ஊற்றினால், தொட்டி வெதுவெதுப்பாகும், வாளி காலியாகும். முதல் ஒரு மணி நேரத்தில் உடம்பின் உள்வெப்பம் அரை டிகிரியிலிருந்து ஒரு டிகிரி வரை இறங்கலாம். 36-க்குக் கீழே போனால் நாங்கள் அதைக் கவலைப்பட வேண்டிய குளிர்ச்சியாக எடுத்துக்கொள்கிறோம்.

சாதாரணமாக இப்படி ஆனால் நாம் உடனே போர்வையைத் தேடுவோம். இங்கே மூளையை ஏமாற்றுகிற மாதிரி கால் பக்கத்திலிருந்து 'சூடு, சூடு' என்ற கணக்கு வருவதால், உள்ளே குளிர்ந்துகொண்டிருப்பது அவருக்குத் தெரிவதில்லை. "குளிருதாம்மா?" என்று கேட்டால், "இல்லை, நல்லா இருக்கு" என்பார். கேட்டுத் தெரிந்துகொள்கிற விஷயம் இல்லை இது. தெர்மாமீட்டர் வைத்துத்தான் பார்க்கணும்.

ஒரு கட்டத்தில் உடம்பு தாங்காது, நடுங்க ஆரம்பிக்கும். மருந்து பிடித்த இடத்தில் தசை அசையாதே! அதனால் நடுக்கம் முழுக்க மேலேதான். தாடை, தோள், கை. கால் இரண்டும் கட்டை மாதிரிக் கிடக்க, மேல் பாதி மட்டும் கிடுகிடுவென்று ஆடும். பார்க்கிறவர்கள் பயந்துவிடுவார்கள். "ஜன்னி வந்துருச்சோ?" என்று நர்ஸம்மாவிடம் கேட்பார்கள். ஜன்னி இல்லை, வலிப்பும் இல்லை. உடம்பு சூட்டை உண்டாக்கப் போராடுகிறது, கையில் கிடைத்த தசைகளை வைத்துக்கொண்டு. இதற்கு மேல் உடம்பைச் சூடான காற்றுப் போர்வையால் மூடுவோம், டிரிப்ஸைச் சூடாக்கிக் கொடுப்போம், தேவைப்பட்டால் ட்ரமடால் மாதிரி மருந்து போடுவோம். ஆபரேஷனுக்கு முன்னாலேயே போர்த்திச் சூடாக வைத்திருந்தால் இன்னும் நல்லது.

குழாய்கள் விரிவதால் நடக்கிற இன்னொன்று, பிரஷர் இறங்குவது. அப்போது முதலில் வருவது குமட்டல். "வாந்தி வர்ற மாதிரி இருக்கு" என்று சொன்னால் நாங்கள் முதலில் பார்ப்பது பிரஷரைத்தான். அதைச் சரிசெய்ததும் குமட்டல் போய்விடும். வயிற்றுக் கோளாறு என்று நினைத்துச் சொல்லாமல் இருக்காதீர்கள்.

பஞ்சை வைத்து ஏன் தடவுகிறோம்?

ஊசி போட்ட பிறகு ஸ்பிரிட் நனைத்த பஞ்சையோ ஐஸையோ வைத்து முதலில் தோளில் தொட்டு, "இது ஜில்லுனு இருக்கா?" என்று கேட்போம். பிறகு தொடையில், வயிற்றில், நெஞ்சில் தொட்டுத் தொட்டு, "அங்க இருந்த மாதிரியே இருக்கா?" என்று கேட்போம். தொடையில் "தடவுறது தெரியுது, ஜில்லுனு இல்லை" என்பார்கள். அதுதான் நாங்கள் எதிர்பார்க்கிற பதில். குளிர் போயிருக்கிறது, தொடுதல் இருக்கிறது.

சிசேரியனுக்குத் தொப்புளுக்குக் கீழேதானே கீறுகிறோம், நெஞ்சு வரைக்கும் ஏன் மரத்துப்போகணும் என்று கேட்கலாம். தோலுக்கு அது போதும். ஆனால் உள்ளே வயிற்றின் உறையையும் குடலையும் தொடும்போது கிளம்புகிற வலி, தண்டுவடத்தில் மேலே மார்பு மட்டம் வரைக்கும் போய்ச் சேர்கிறது. அதனால் முலைக்காம்பு மட்டத்துக்குப் பக்கத்தில் வரை தடை ஏறியிருக்கணும்.

இங்கேதான் நான் ஒரு தப்பு செய்தேன். பயிற்சியில் இருந்த காலம். இரண்டாவது சிசேரியனுக்கு வந்த ஒரு அம்மா. பஞ்சை வைத்துப் பார்த்தேன், நெஞ்சு வரைக்கும் ஜில்லிப்பு இல்லை. "ஆரம்பிக்கலாம்" என்று சொன்னேன். குழந்தை நல்லபடியாக வந்தது. அதற்கப்புறம் உள்ளே தையல் போடும்போது அவர், "வலிக்குது" என்றார். நான் புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். "அது வலி இல்லம்மா, இழுக்கிற உணர்வு. கொஞ்சம் பொறுத்துக்கங்க." அவர் பொறுத்துக்கொண்டார். கண்ணோரம் தண்ணி வழிந்துகொண்டிருந்தது. குழந்தையைப் பார்த்த சந்தோஷம் என்று நினைத்தேன்.

மறுநாள் வார்டுக்குப் போனேன். கோபமே இல்லாமல் சொன்னார். "நீங்க இழுக்குதுன்னு சொன்னீங்க டாக்டரம்மா. எனக்கு இழுவை தெரியும், மூத்தவனுக்கும் இதே ஊசிதான். இது வலி."

அன்றைக்கு எனக்குப் புரிந்தது இதுதான். ஜில்லிப்பு போன எல்லைக்கும் தொடுதல் போன எல்லைக்கும் இடைவெளி இருக்கிறது. ஜில்லிப்பு மேலே வரைக்கும் போயிருக்கும். ஊசிக்குத்து அதற்குக் கொஞ்சம் கீழே வரைக்கும்தான் போயிருக்கும். தொடுதல் இன்னும் கீழே. நான் மேல் எல்லையை மட்டும் பார்த்துவிட்டு, கீழ் எல்லையும் அங்கேயே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிரிட்டனில் 2022-ல் வெளியான பரிந்துரைகள், சிசேரியனுக்கு ஜில்லிப்பை மட்டும் நம்பாமல் மெல்லத் தொடும் உணர்வையும் மார்பு மட்டம் வரை சோதிக்கச் சொல்கின்றன. இப்போது நானும் அப்படித்தான் செய்கிறேன். அதற்குப் பிறகு சர்ஜன் இடுக்கியால் தோலைக் கிள்ளிப் பார்ப்பார். அதுவும் சரியாக இருந்தால்தான் கத்தி.

அதைவிட முக்கியமாக மாற்றிக்கொண்டது ஒன்று உண்டு. "வலிக்குது" என்று ஒருத்தர் சொன்னால் விளக்கம் சொல்வதை நிறுத்திவிட்டேன். கேள்வி கேட்கிறேன். "இழுக்குதா, வலிக்குதா? எங்கே?" வலிதான் என்றால் சர்ஜனைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்வேன், மருந்து கொடுப்பேன். அதிலும் தீரவில்லை என்றால் முழு மயக்கம் கொடுத்துவிடுவேன். இழுவை இருக்கலாம், அழுத்தம் இருக்கலாம், வயிற்றுக்குள் யாரோ பாத்திரம் கழுவுகிற மாதிரி இருக்கலாம். வலி இருக்கக் கூடாது.

காணாமல் போன கால்

பயமுறுத்துகிற இரண்டு அனுபவங்களையும் சொல்லிவிடுகிறேன், தெரிந்திருந்தால் பயம் குறையும்.

ஒன்று, "என் காலை ஏன் தூக்கிப் பிடிச்சிருக்கீங்க?" என்பது. கால் நேராக மேசையில்தான் கிடக்கும். மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்ற செய்தி நின்றுபோனதும், மூளை தனக்குக் கடைசியாக வந்த படத்தையே வைத்துக்கொள்கிறது. மருந்து பிடிக்கும்போது முழங்கால் மடங்கியிருந்தால், பிறகு நீட்டிவைத்தாலும் மடங்கியிருப்பதாகவே தோன்றும்.

இன்னொன்று, "மூச்சு விட முடியலை." நெஞ்சு வரை மரத்துப்போவதால் மார்பு ஏறி இறங்குவது தெரியாது. ஆனால் மூச்சை இழுக்கிற முக்கியத் தசையான உதரவிதானத்துக்குக் கழுத்திலிருந்து நரம்பு வருகிறது. அங்கே மருந்து போவதில்லை. பேச முடிகிறது, இரும முடிகிறது, கையை இறுக்கிப் பிடிக்க முடிகிறது என்றால் நன்றாகவே மூச்சு விடுகிறீர்கள். ஆனால் கைவிரல்கள் மதமதங்கினாலோ, பிடி தளர்ந்தாலோ, குரல் கம்மினாலோ உடனே சொல்லுங்கள். மருந்து தேவைக்கு மேல் ஏறுகிறது என்பதற்கு அது அறிகுறி, நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

வார்டில் நடக்கிற ஆபத்து

இப்போது வீட்டுக்காரர்கள் கேட்கணும். அம்மா, மாமியார், அக்கா, யார் கூட இருக்கப்போகிறீர்களோ அவர்கள்.

ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்ததும் நடுங்குகிற பெண்ணைப் பார்த்தால் மனசு கேட்காது. வெந்நீர்ப் பையை எடுத்துக் காலுக்கடியில் வைப்பார்கள். இல்லையென்றால் பாட்டிலில் சுடுதண்ணீர் பிடித்துத் துண்டில் சுற்றி வைப்பார்கள். பாசத்தில் செய்வதுதான். அப்படி வைத்து, குதிகாலில் கொப்பளம் வந்த ஒரு பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டிய நாளில் நொண்டிக்கொண்டிருந்தார்.

தோல் வெந்துபோவது சூட்டையும் நேரத்தையும் பொறுத்தது. 60 டிகிரி சூடு என்றால் சில விநாடிகளே போதும். 44 டிகிரி என்றால் சுமார் 6 மணி நேரம் ஆகும். சாதாரண ஆளுக்குச் சுட்டதும் கால் தானாக நகர்ந்துவிடும். மரத்த காலுக்குச் சுடுவதும் தெரியாது, நகரவும் நகராது. நீங்கள் கையால் தொட்டுப் பார்த்து "இதமாத்தான் இருக்கு" என்று வைத்த பையே அரைமணி, ஒருமணி நேரம் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டு இருந்தால் போதும்.

அதுமட்டுமில்லை, காலுக்குச் சூடு தேவையே இல்லை. கால் ஏற்கெனவே சூடாகத்தான் இருக்கிறது! குளிர்ந்திருப்பது உடம்பின் நடுப்பகுதி. போர்வையை நெஞ்சுக்கும் தோளுக்கும் போர்த்துங்கள், தலையையும் மூடுங்கள். ஃபேனைக் குறையுங்கள். நடுக்கம் நிற்கவில்லை என்றால் நர்ஸைக் கூப்பிடுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். கால் மேல் கால் போட்டபடியோ, குதிகால் கட்டில் கம்பியில் அழுந்தியபடியோ விடாதீர்கள். அவருக்கு அது தெரியாது, நீங்கள்தான் பார்த்து நகர்த்தி வைக்கணும். அப்புறம், கால் விரல் அசைந்துவிட்டது என்று உடனே எழுப்பி நடக்கவிடாதீர்கள். தசைக்குப் பலம் வந்த பிறகும், இரத்தக் குழாய்களின் பிடியும் மூட்டு நிலை உணர்வும் முழுசாகத் திரும்பியிருக்காது. எழுந்ததும் தலை சுற்றி விழுவது அதனால்தான். பொதுவாக 2 முதல் 4 மணி நேரத்தில் கால் அசைய ஆரம்பிக்கும். முதல் தடவை எழும்போது நர்ஸ் பக்கத்தில் இருக்கட்டும். முதலில் கட்டிலில் உட்கார்ந்து, பிறகு நின்று, பிறகு நடை.

போகிறதுக்கு முன்னால்

ஆரம்பத்தில் சொன்ன இரண்டு விஷயங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

தியேட்டருக்குள்ளே: பஞ்சை வைத்துக் கேட்கும்போது டாக்டரைத் திருப்திப்படுத்தப் பதில் சொல்லாதீர்கள். "ஜில்லுனு இருக்கா?" என்றால், இருந்தால் இருக்கு, இல்லையென்றால் இல்லை, சந்தேகமாக இருந்தால் "தெரியலை, திரும்ப வைங்க." உங்கள் உடம்பில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிய அந்தப் பதிலைவிட நல்ல கருவி கிடையாது. வலித்தால் வலிக்குது என்று சொல்லுங்கள். ஒரு தடவை சொல்லிக் கேட்கவில்லை என்றால் இரண்டாவது தடவை சொல்லுங்கள்.

வார்டில்: உணர்வு முழுசாகத் திரும்புகிற வரைக்கும் அந்தக் காலுக்குச் சுட்டால் சொல்லத் தெரியாது. அதுவரைக்கும் அந்தக் காலுக்காக மற்றவர்கள்தான் பார்க்கணும். வெந்நீர்ப் பை வேண்டாம்.

அந்த அம்மா டிஸ்சார்ஜ் ஆகிப் போகும்போது, "அடுத்து வர்ற பிள்ளைகளுக்காவது கேட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றையிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அடுத்த எபிசோடில், "முதுகுல ஊசி போட்டதுல இருந்துதான் இந்த முதுகுவலி" என்று நம் வீடுகளில் சொல்வது எவ்வளவு தூரம் உண்மை என்று பார்ப்போம்.